ஏட்டில் உள்ளவர் எல்லாம் எழுந்து நிற்க வேண்டும்

முன்னொரு காலத்தில் ஒரு தேசம் இருந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதை ஆண்ட ராஜா நல்லவர்தான். கொடுக்கிற கை, சிரிக்கிற முகம். ஆனால் காலையில் கண்ணில் பட்டதை மத்தியானத்துக்குள் சட்டமாக்கிவிடுகிற ஒரு வியாதி மட்டும் அவருக்கு இருந்தது.

ஒருநாள் அரண்மனைத் தோப்பில் உலாவப் போனார். அங்கே தோட்டக்காரன் ஒரு மாமரத்துக்கு மஞ்சள் துணி கட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன இது?"

"சாமி, இந்த வருஷம் நல்லாக் காய்ச்ச மரத்துக்குத் துணி. கடைசியா நிக்கிற மரத்துக்குக் கோடாலி. ஒண்ணை வெட்டினா மத்ததெல்லாம் பயந்து காய்க்கும்."

மரம் பயந்து காய்க்குமா, எருவுக்குக் காய்க்குமா என்று ராஜா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்று மத்தியானமே கொலுமண்டபத்தில் அறிவித்துவிட்டார்.

"நமது பெருங்கல்விச்சாலையில் பத்தொன்பது ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வரும் தைப்பூசத்தன்று அவர்களில் சிறந்த ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவோம். கடைசியாக நிற்பவர் அன்றே கல்விச்சாலையை விட்டு வெளியேற வேண்டும். யார் முதல், யார் கடைசி என்பதற்கு ஆசிரியர் பேரவையே கூடி விதி எழுதட்டும்."

அரசவை விகடன் சாத்தப்பன் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். கடைவீதியில் பிறந்து, தராசுத் தட்டில் தவழ்ந்து வளர்ந்தவன். வாய் சும்மா இருக்காது.

"அரசே, மாமரத்துக்கு வாய் கிடையாது. அதனால் அது பேரவை கூட்டாது. இவர்கள் கூட்டுவார்கள். அதையும் கொஞ்சம் யோசித்தீர்களா?"

ராஜா சிரித்தார். பேரவையின் தலைவர் தர்க்கபூஷணர் சிரிக்கவில்லை.

பேரவை பதினோரு நாள் கூடியது. முதல் இரண்டு நாள் யார் எந்தப் பலகையில் உட்காருவது என்பதில் போயிற்று. மூன்றாம் நாள் முதல் விதி பிறந்தது: 'விருதுக்கு ஒருவர் பெயரை முன்மொழிய, ஏற்கெனவே அவ்விருதைப் பெற்றவர் இருவர் வேண்டும்.' எல்லோரும் ஆகா என்றார்கள். மறுநாள்தான் ஒருவர் மெல்லக் கையைத் தூக்கி, "இதுவரை யாரும் விருதே பெறவில்லையே" என்றார். அதைத் தீர்க்க இன்னும் இரண்டு நாள். கடைசியில், 'இனிமேல் பெறப்போகிறவர்களும் பெற்றவர்களாகவே கருதப்படுவார்கள்' என்று ஓர் உபவிதி சேர்த்துக்கொண்டு, பதினெட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

இப்படி இருபத்தொரு விதிகள். ஏழு உரைநூல் எழுதியவர் ஒருவர், ஏழு உரைநூல் வேண்டும் என்றார். தாடி உள்ளவர் தாடி வேண்டும் என்றார். இலக்கணக்கடல் என்று பட்டம் பெற்ற ஒரு கிழவர், ஒழுங்கு ஒழுங்கு என்று உயிரை விடுகிறவர், 'அவரவர் மாணாக்கர் பெயரேட்டை அவையில் வைக்க வேண்டும், ஏட்டில் பெயருள்ளவரே மாணாக்கர்' என்று ஒன்றை நுழைத்தார். ஒவ்வொருவரும் தாம் எழுதிய விதியை மட்டும் மூன்று தரம் படித்தார்கள். மற்றவர் எழுதியதை யாரும் ஒரு தரம்கூடப் படிக்கவில்லை. பெரிய மனிதர்கள் கூடி எழுதுகிற எதிலும் இந்த ஒரு சங்கதி உண்டு.

பன்னிரண்டாவது விதி தர்க்கபூஷணர் எழுதியது: 'அவை மணி ஒலித்த கணமே ஒவ்வோர் ஆசிரியரின் மாணாக்கர் அனைவரும் அரசர் முன் வந்து எழுந்து நிற்க வேண்டும். அவை கலையும்வரை நகரலாகாது. பதிலாள் கூடாது. எந்த ஆசிரியருக்கு மாணாக்கர் மிகுதியாகக் குறைகிறார்களோ அவரே கடைசி.'

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சரக்கு எப்படியோ, பொட்டலம் நன்றாகக் கட்டியிருந்தார்.

அந்தப் பொட்டலம் யாருக்கென்றால், பத்தொன்பதாவது ஆசிரியை உமையாளுக்கு.

உமையாளின் வகுப்பு கல்விச்சாலைக் கட்டிடத்துக்குள் கிடையாது. யானைக் கொட்டிலை ஒட்டி ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. அரண்மனை வேலைக்காரர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற இடம். இப்போதைய ராஜாவின் தகப்பனார் காலத்தில் உண்டானது. அப்போதிருந்த உக்கிராணக்காரருக்கு எழுத்துத் தெரியாது. கற்கண்டு ஜாடி என்று நினைத்துப் படிகார ஜாடியைத் திறந்து பாயசத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார். அயல்நாட்டுத் தூதர்கள் பதினாறு பேர் குடித்தார்கள். வாய் இழுத்துக்கொண்டு ஒருவராலும் பேச முடியவில்லை. சமாதானம் பேச வந்தவர்கள், சைகை காட்டிவிட்டுப் போனார்கள். மறுநாளே பெரியவர், "என் அரண்மனையில் ஜாடி மேல் எழுதியதைப் படிக்கத் தெரியாதவன் இருக்கக் கூடாது" என்று கொட்டகை போட்டார்.

அந்தக் கொட்டகையில்தான் பதினைந்து வருஷமாக உமையாள் விடியற்காலையில் வந்து உட்காருகிறாள். வேலைக்குப் போகுமுன் ஒரு நாழிகை. சமையற்காரர், காவல்காரர், பாகன், சாமரம் வீசுகிறவள், தோணிக்காரன், நாற்பது வயசு, ஐம்பது வயசு ஆட்கள். கத்தியும் துடுப்பும் பிடித்துக் காய்த்துப்போன விரல்களை மணலில் வைத்து 'அ' போடச் சொல்லி, "இன்னும் கொஞ்சம் சுழி, இன்னும் கொஞ்சம்" என்பாள். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏட்டில் ஒருதரம் பெயர் எழுதினால் அடிக்கமாட்டாள். "எழுத்துப் படிக்கிறவங்களுக்கு முடிவு ஏது? என்னைக்காவது ஒரு வார்த்தை புரியலைன்னா வருவாங்க. அப்போ பேர் இல்லைன்னா சங்கடப்படுவாங்க" என்பாள்.

அவள் ஏட்டில் இருநூற்றுப் பதினான்கு பெயர். அத்தனையும் அரண்மனை உத்தியோகம். தைப்பூசத்தன்று கொலு நடக்கிற நேரத்தில் அவர்களில் ஒருவர்கூட இடத்தை விட்டு அசைய முடியாது. அசைந்தால் அவர்கள் வேலை போகும். அசையாவிட்டால் உமையாள் வேலை போகும். அவள் போனால் கொட்டகை காலி. தர்க்கபூஷணருக்கு வேலையில்லாத ஒரு மைத்துனர் இருந்தார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

விதிகளை அவையில் படித்தபோது ராஜா மூன்றாவது விதிவரை கேட்டார். ஏழாவதில் கொட்டாவி விட்டார். பத்தாவதில் முத்திரையிடச் சொல்லி மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

சாத்தப்பன் பன்னிரண்டாவதைக் கேட்டதும் முன்னால் வந்தான். "அரசே, இந்த விதி பார்க்கத்தான் பத்தொன்பது பேருக்கும் பொது. கொத்துவது ஒருத்தியை."

தர்க்கபூஷணர் இதற்குத்தான் காத்திருந்தார். "மன்னர் மன்னவா! விதி அனைவர்க்கும் ஒன்றே. விகடருக்கு எங்கள் நடுநிலைமேல் ஐயம் இருந்தால், விருது விழாவை அவரே நடத்தட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. எழுதிய விதியில் ஓர் எழுத்தும் மிகாமல், ஓர் எழுத்தும் குறையாமல் நடத்த வேண்டும். பிசகினால் அவரும் இந்த நாட்டை விட்டுப் புறப்படட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். "சாத்தப்பா, சம்மதமா?"

சாத்தப்பன் தர்க்கபூஷணரை மேலும் கீழும் பார்த்தான். கேட்டதைவிடச் சரக்கு மலிவாகக் கிடைத்தால் வியாபாரி முகத்தில் காட்டமாட்டான். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, "என்ன செய்வது, அகப்பட்டுக்கொண்டேன். விதியில் உள்ளது உள்ளபடி நடத்துகிறேன். முத்திரையிட்ட நகல்கள் மட்டும் நிறைய வேண்டும், அரசே" என்றான்.

"எடுத்துக்கொள். எத்தனை வேண்டும்?"

"ஓர் இருநூற்றுப் பதினான்கு."

சாயங்காலம் சாத்தப்பன் கொட்டகைக்குப் போனான். உமையாள் மணலைச் சலித்து மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன இது, மணலைக் கட்டறீங்க?"

"ஆத்து மணல் தம்பி. நல்லாச் சலிச்சது. போற எடத்துல கெடைக்குமோ கெடைக்காதோ."

"போறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"பின்னே? என் ஒருத்தி வேலைக்காக இருநூறு பேரு வேலைய விட்டுட்டு வந்து நிக்கணுமா? பெரியசாமி அண்ணனுக்கு நாலு பொண்ணுங்க. வாசல்காவல் வேலையை விட்டா அவரு எங்கே போவாரு? வரச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது."

"நீங்க கூப்பிட வேண்டாம். ராஜா கூப்பிடறார்." சாத்தப்பன் ஓர் ஓலையை நீட்டினான். "படிங்க. 'மாணாக்கர் அனைவரும் வந்து எழுந்து நிற்க வேண்டும்.' கீழே என்ன?"

"ராஜ முத்திரை."

"முத்திரை விழுந்துட்டா அது பேரவை விதி இல்லை அக்கா, ராஜ கட்டளை. கட்டளைக்குக் கீழ்ப்படிஞ்சவனை வேலையை விட்டுத் தள்ள ராஜாவாலும் முடியாது. வராதவனுக்குத்தான் ஆபத்து."

உமையாள் அந்த ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத மாதிரி உதடு கோணியது. பிறகு பெயரேட்டை எடுத்துக் கொடுத்தாள். சாத்தப்பன் ஒவ்வொரு பெயராகப் பார்த்து வந்தான். நடுவில் ஓரிடத்தில் நின்றான்.

"இது என்ன, பெயரே இல்லாம 'மலைநாட்டுப் பெண்'னு மட்டும் இருக்கு?"

"அது அப்படித்தான்."

"யாரு அக்கா?"

"கேக்காதே தம்பி. யாருக்கும் சொல்றதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஒரு ஆள் குறைஞ்சாலும் வேலை போயிடுமே. மத்த ஆசிரியர்களுக்கு எட்டுப் பேரு, பத்துப் பேரு. ஒண்ணும் குறையாது. உங்களுக்கு ஒண்ணு குறைஞ்சா நீங்கதான் கடைசி."

"தெரியும்."

"அப்போ இந்த ஒரு பேரை மட்டும் அடிச்சுடுங்களேன். ஒரு கோடு. யாருக்குத் தெரியப்போவுது?"

உமையாள் ஏட்டை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள். "நடுங்குற கையோட வந்து உக்காந்து, முதல் எழுத்துப் போட்டதும் ஒரு சிரிப்புச் சிரிச்சாங்க தம்பி. அந்தப் பேரையா அடிக்கச் சொல்றே?"

நாலு காசுக்கு நாற்பது பொய் சொல்கிற கடைவீதியில் வளர்ந்தவன் சாத்தப்பன். அப்படிப்பட்டவன் மணல் மூட்டையை அவிழ்த்துப் பழையபடி தரையில் பரப்பிவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து அவன் அரண்மனையைச் சுற்றி வந்தான். ஆளுக்கோர் ஓலை. கொடுத்துவிட்டு நின்றான், அவ்வளவுதான். மடைப்பள்ளிக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். வாசல்காரர் பெரியசாமி இரண்டு தரம் படித்தார். படித்து முடித்ததும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "அம்மாவுக்கா?"

"அம்மாவுக்குத்தான்."

"மணி அடிச்ச கணமேன்னு போட்டிருக்கே. கையில வேலை இருந்தா?"

"என்ன போட்டிருக்கோ அப்படியே செய்யுங்க. ஓர் எழுத்துப் பிசகினா எனக்கு ஊர் இல்லை."

தைப்பூசம் வந்தது. காலையில் ராஜா முகம் மழித்துக்கொள்ள உட்கார்ந்தார். வலது கன்னம் முடிந்தது. நாவிதர் இடது கன்னத்துக்கு நுரை தடவினார். அந்த நேரம் பார்த்து அவை மணி ஒலித்தது. நாவிதர் கத்தியை மடக்கி, கும்பிட்டு, நடந்துவிட்டார்.

"அடேய்! எங்கே போகிறாய்?"

"கட்டளை, மகாராஜா!"

"யார் கட்டளை?"

"தங்கள் கட்டளைதான்!"

ராஜா பாதி நுரையோடு எழுந்து வெளியே வந்தார். கொற்றக்குடை சுவரில் சாய்ந்து தனியாக நின்றது. சாமரம் தரையில் கிடந்தது. தேர் இருந்தது, குதிரை இருந்தது, சாரதி இல்லை. வாயிற்கதவு ஆளில்லாமல் திறந்து கிடக்க, ஓர் ஆடு உள்ளே வந்து கோலத்தின் நடுவில் வைத்த பூசணிப்பூவைத் தின்றுகொண்டிருந்தது. மடைப்பள்ளியிலிருந்து பொங்கல் அடிப்பிடிக்கிற வாசனை. வாழ்க்கையில் முதல் தரமாக ராஜா தம் கொலுமண்டபத்துக்குத் தாமே நடந்து போனார். வழி தெரியாமல் ஒரு திருப்பத்தில் பாத்திரக்கிடங்குக்குள் நுழைந்துவிட்டதாகவும் சொல்வார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

மண்டபத்தில் ராணி மந்தாகினி ஏற்கெனவே தம் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். எதிரே பதினெட்டு ஆசிரியர்களும், அவர்கள் பக்கத்தில் எட்டும் பத்துமாக மாணாக்கர்களும். தர்க்கபூஷணரின் பின்னால் பட்டு உடுத்திய பன்னிரண்டு பேர், எல்லாம் அமைச்சர் வீட்டுப் பிள்ளைகள். மண்டபத்தின் மிச்ச இடம் முழுவதும், தூணுக்குத் தூண், படிக்குப் படி, உமையாளின் ஆட்கள். சமையற்காரர் கையில் மாவு. தோணிக்காரன் ஈர வேட்டியோடு. நாவிதர் தோளில் துண்டு. பாகனைப் பிரிந்து இருக்க மனமில்லாமல் யானையும் வந்து, வாசலில் தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது.

"சாத்தப்பா!" என்று ராஜா கத்தினார். நுரை தெறித்தது. "என் அரண்மனையை என்ன செய்தாய்?"

"பன்னிரண்டாவது விதியை நடத்தினேன், அரசே. கீழே தங்கள் முத்திரை. ஓர் எழுத்தும் மிகவில்லை, குறையவில்லை."

ராஜா ஓலையை வாங்கிப் படித்தார். இந்தத் தரம் முழுதாகப் படித்தார். தலை நிமிர்ந்து அந்தக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "இத்தனை பேரும் எழுத்துப் படித்தவர்களா? ஒரே ஆசிரியையிடமா?"

"ஆமாம், மகாராஜா" என்று இருநூறு குரல் சேர்ந்து சொன்னது. யானையும் ஏதோ சொன்னது.

தர்க்கபூஷணருக்கு வியர்த்தது. ஆனாலும் தர்க்கம் படித்தவர் அல்லவா? "மன்னவா, கூட்டம் பெரிது என்பது விதி அன்று. குறைவு உண்டா என்பதே விதி. உமையாள் அம்மையார் தம் வாயாலேயே சொல்லட்டும். ஏட்டில் உள்ள மாணாக்கர் அனைவரும் எழுந்து நிற்கிறார்களா?"

உமையாள் முன்னால் வந்தாள். இருநூற்றுப் பதின்மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். பெரியசாமி கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ வேண்டிக்கொண்டார். 'ஆம்' என்று ஒரு சொல் போதும். கொட்டகை மிஞ்சும், மணல் மிஞ்சும்.

"இல்லை அரசே" என்றாள். "ஒருவர் எழுந்து நிற்கவில்லை."

மண்டபமே பெருமூச்சு விட்டது.

"யார் அவர்?" என்றார் தர்க்கபூஷணர், குரலில் தேன் வடிய.

"சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"பார்த்தீர்களா மன்னவா! மற்ற ஆசிரியர் யாருக்கும் குறைவில்லை. அம்மையாருக்கு ஒன்று குறைவு. எனவே விதிப்படி அம்மையாரே..."

வளையல் ஒலித்தது. அவர் பேச்சு நின்றது.

ராணி மந்தாகினி ஆசனத்தை விட்டு எழுந்து நின்றார். கொலுவில் ராணி எழுந்து உள்ளே போனால் அவை கலைந்தது என்று பொருள். ஆனால் அவர் நகரவில்லை. சமையற்காரரும் தோணிக்காரனும் நிற்பது போலவே கைகட்டி நின்றார்.

"இருநூற்றுப் பதினான்கு" என்றார் ராணி. "இப்போது குறைவு இல்லை, ஆசிரியை."

ராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தேவி! நீயா? உனக்கு எழுத்துத் தெரியுமே?"

"என் மலைநாட்டு எழுத்துத் தெரியும். உங்கள் எழுத்துத் தெரியாது. மணம் முடிந்த இரண்டாம் மாதம் நீங்கள் எல்லைப் போருக்குப் போய்விட்டீர்கள். வாரம் ஓர் ஓலை வரும். ஓலைநாயகம் அவையில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, வரி விதிப்பைப் படிப்பது போல, 'என் கண்ணே, உன் நினைவால் உறக்கம் இல்லை' என்று படிப்பார். பக்கத்தில் சேனாதிபதி தலையாட்டுவார்." ராணி கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு எழுதியதை நானே முதலில் படிக்க வேண்டும் என்றிருந்தது. தோழியின் சேலையை உடுத்திக்கொண்டு விடியற்காலையில் கொட்டகைக்குப் போனேன். நாலு மாதம். அரசிக்கு எழுத்துத் தெரியாது என்று ஊர் பேசக் கூடாதே என்று வாக்கு வாங்கிக்கொண்டேன்."

ராஜாவின் பாதி மழித்த முகம் என்னென்னவோ ஆயிற்று. "அப்படியானால், பிறகு வந்த மறுமொழிகள்... அவை..."

"நான் எழுதியவை."

"அந்த எழுத்துக் கோழி கிளறியதுபோல இருந்ததே! ஓலைநாயகத்துக்குக் கண் மங்கிவிட்டது என்று பாசறையிலிருந்து மருத்துவனை அனுப்பி வைத்தேனே!"

மூலையிலிருந்து ஓலைநாயகம் ஈனமாகச் சொன்னார்: "நாற்பது நாள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன், மகாராஜா. ரொம்ப எரிந்தது."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ராஜாவாகத்தான் இருக்க வேண்டும், நுரையை அவர் துடைத்தது சிரிப்புக்காகவா கண்ணுக்காகவா என்பது அவருக்கும் ராணிக்கும் உள்ள விஷயம்.

சாத்தப்பன் தொண்டையைச் செருமினான். "அரசே, விழா இன்னும் முடியவில்லை. விதிப்படி நடத்தாவிட்டால் எனக்கு ஊர் இல்லை. இலக்கணக்கடல் ஐயா எழுதிய விதி ஒன்று பாக்கி. அவரவர் ஏட்டை அவையில் வைக்க வேண்டும். தர்க்கபூஷணர் ஏட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"அது எதற்கு? என் மாணாக்கர் பன்னிருவரும் இதோ நிற்கிறார்களே."

"ஏட்டில் ஐம்பத்திரண்டு பெயர் இருக்கிறதே ஐயா." சாத்தப்பன் ஏட்டைப் புரட்டினான். "சேனாதிபதி மகன் என்று ஒரு பெயர். எங்கே அவர்?"

சேனாதிபதி எழுந்தார். "என் மகனா? அவனுக்கு இரண்டு மாதம். தொட்டிலில் கிடக்கிறான்."

பெரிய வீட்டில் பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டால் போதும், தர்க்கபூஷணர் அன்றே ஏட்டில் ஏற்றிவிடுவார். நாளைக்கு அவன் பெரியவனானால் 'என் மாணாக்கன்' என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ஏட்டை ஒருநாளும் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. இப்போது திறந்தாயிற்று. நாற்பது பேர் குறைவு. இலக்கணக்கடல் சந்தோஷமாக இரண்டு தரம் எண்ணிச் சரி பார்த்தார்.

"தம் விதிப்படியே தர்க்கபூஷணர் கடைசி" என்றான் சாத்தப்பன்.

அறுபது வயதில், இருந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் என்றதும் தர்க்கபூஷணரின் கை மேலாடையின் ஓரத்தைத் திருகத் தொடங்கியது. உமையாள் அதைப் பார்த்தாள்.

"அரசே, ஒன்று கேட்கலாமா? இன்றைக்கு இவர் போனால் அடுத்த தைக்கு வேறொருவர் கடைசி. அவரும் போனால் அதற்கு அடுத்து இன்னொருவர். கடைசி என்று ஓரிடம் இருக்கிறவரை எங்களில் யாருக்கும் பாடத்தில் மனம் நிற்காது. பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். எழுதத் திணறுகிறவரை யாரும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டோம். இவர் இருக்கட்டும்."

ராஜா, "மாமரமும் மனுஷரும் ஒன்று என்று எனக்கு யார் சொன்னது?" என்று தமக்குள் முணுமுணுத்தார். கடைசிக்கு வாசல் என்ற கட்டளை அந்த நிமிஷமே ரத்தாயிற்று. விருதுக்குத் தாடியும் உரைநூலும் கேட்ட விதிகளும் அதோடு போயின.

"ஆனால் தர்க்கபூஷணரே, ஏட்டில் எழுதிய பெயருக்குப் பாடம் நடந்தாக வேண்டும். ஐம்பத்திரண்டு பேருக்கும் நீரே நேரில் போய்ச் சொல்லிக்கொடும். முதலில் அந்தத் தொட்டிலில் இருந்து தொடங்கும்."

"மன்னவா, அவனுக்குப் பேச்சே வரவில்லையே!"

"நல்லதாய்ப் போயிற்று" என்றான் சாத்தப்பன். "உங்களை எதிர்த்து வாதாட மாட்டான். அழ ஆரம்பித்தால் மட்டும் தூக்கிக்கொள்ளுங்கள்."

ராஜா பொன்னாடைக்கான அறிவிப்பை ஓலையில் தாமே எழுதினார். வழக்கமாக அதைப் படிக்கிற கட்டியக்காரர் வரிசையில் நின்றிருந்தார், நகர முடியாது. ராஜா ஓலையைத் திருப்பி ராணியிடம் நீட்டினார்.

ராணி படித்தார். அவையில் முதல் தரமாக, மெதுவாக, விரலை வரியின்மேல் வைத்துக்கொண்டு. 'உமையாள் ஆசிரியைக்கு' என்று தொடங்கி நன்றாகத்தான் வந்தது. நடுவில் ஒரு நீளச் சொல்லில் தடுக்கியது. உமையாளின் உதடு தன்னையறியாமல் அசைந்தது. அவள் பின்னால் நின்ற இருநூற்றுப் பதின்மூன்று உதடுகளும் அசைந்தன. ராணி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எழுத்துக்கூட்டி, அந்தச் சொல்லைக் கடந்தார். ராஜா தம் கையாலேயே பொன்னாடையைப் போர்த்தினார். உமையாள் அழவில்லை. சமையற்காரர்தான் மாவுக்கையால் முகத்தைத் துடைத்து, வெள்ளையாக நின்றார்.

"சாத்தப்பா, உனக்கு என்ன வேண்டும்? கேள்."

"அரசே, அவையைக் கலையுங்கள். அது கலையாமல் மடைப்பள்ளிக்காரர் நகரக் கூடாது, விதி அப்படி. எனக்குக் காலையிலிருந்து ஒன்றும் வயிற்றில் இல்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டுவிட்டு அவையைக் கலைத்தார். அன்று எல்லோரும் அடிப்பிடித்த பொங்கலையே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தர்க்கபூஷணருக்கு ஓர் ஓரத்தில் இலை போட்டிருந்தது. உமையாள் அவரைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவர்கள் உண்டு வாழ்ந்தது அந்த ஊர்ப் பாக்கியம். கேட்ட நமக்கு நம் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும்.